நின்றவர்கள் கட்டிய ஊர்: பனியன் தொழிலின் நூறாண்டும் வேலம்பாளையமும்

கட்டிங் டேபிளில் துணியை விரித்துப் போட்டதும் எங்கள் கட்டிங் மாஸ்டர் கத்திரியை எடுக்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நாளை மறுநாள் லாரி வந்துவிடும் என்று முதலாளியே வந்து நின்றாலும் ஒரே பதில்தான்: "ஆறட்டுமுங்க. ராத்திரி பூராக் கெடக்கட்டும். காத்தால வெட்டிக்கலாம்."

1983இல், 18 வயதில், கைமடி என்ற உதவி ஆளாக வேலைக்குச் சேர்ந்த எனக்கு அது விளங்கவில்லை. ஒரு நாள் டீ நேரத்தில் கேட்டேன். துணியின் ஓரத்தை விரலால் இழுத்து, விட்டுக் காட்டினார். காலண்டரிங் முடிந்து இறுகச் சுற்றி வரும் பின்னல் துணி, உருளையிலேயே இழுபட்டு நீண்டிருக்கும். விரித்த கையோடு வெட்டினால் டேப்பில் அளவு சரியாகத்தான் காட்டும். தைத்து ஒரு தண்ணீர் பட்டதும் பனியன் இடுப்புக்கு மேலே ஏறிவிடும். தளரப் போட்டு ஒரு ராத்திரி விட்டால் இழை தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வெட்டுகிற பீஸ் அளவு அவ்வளவாக மாறாது.

42 ஆண்டில் ஓர் ஏழு மாதம் தவிர, திருப்பூரின் இந்த '15 வேலம்பாளையம்' பகுதியிலேயே வேலை பார்த்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்து, வேலையை விட்டு ஓய்ந்த பிறகு யோசிக்கிறேன். மனிதருக்கும் இந்தக் கணக்குப் பொருந்துகிறது. பனியன் தொழிலுக்கு நூறு வயதாகும் நேரத்தில் வெளிவரும் இந்த மலரில் ஏற்றுமதிக் கணக்கையும் இயந்திரங்களின் வளர்ச்சியையும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆர்டர் இருந்தபோதும் இல்லாதபோதும் இந்த ஊரை விட்டுப் போகாமல் நின்றவர்களைப் பற்றி எழுத எனக்கு இடம் கொடுத்த மலர்க்குழுவுக்கு நன்றி.

கிணறு வற்றிய மண்ணில்

நொய்யல் ஆறு ஓடினாலும் திருப்பூரைச் சுற்றியுள்ள பூமி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் பருத்தியும்தான் வெள்ளாமை. பருத்தி விளைந்ததால் பஞ்சு மண்டி வந்தது. மண்டியை நம்பி ஜின்னிங் ஆலைகள் வந்தன. ரயில் நின்றதால் சரக்கு ஏறி இறங்கியது. அந்த ஊரில் 1925இல் குலாம் காதர் 'பேபி நிட்டிங்' என்ற பெயரில் முதல் பின்னல் ஆலையைத் தொடங்கினார். பனியன் என்றால் அன்றைக்குக் கல்கத்தா. திருப்பூர் என்ற பெயர் அந்த வரிசையில் இல்லவே இல்லை.

1940களின் தொடக்கத்தில் ஊரில் இருந்தவை முப்பது சொச்சம் கம்பெனிகள். 1961இல் அது இருநூறைத் தாண்டியது. 1956இல், எல்லோரும் 'சைமா' என்று சொல்கிற தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கம் உருவானது. அந்தக் காலத்தில்தான் சுற்றுவட்டாரக் கிணறுகள் வறண்டு, கமலை இறைத்த கைகள் பனியன் கம்பெனிக்கு வரத் தொடங்கின. தோட்டத்தில் பண்ணையம் பார்த்த பையன் காலையில் சைக்கிளில் கம்பெனிக்குப் போனான். ராத்திரி வந்து மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட்டான்.

இப்படி வந்தவர்களில் பலர் பிறகு முதலாளிகள் ஆனார்கள். புவியியல் ஆய்வாளர் ஷரத் சாரி திருப்பூரில் தங்கி, நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசி எழுதிய ஆங்கில நூல் 2004இல் வெளிவந்தது. கையில் பணமில்லாத தொழிலாளிகள் தங்கள் உழைப்பையே முதலாகப் போட்டு முதலாளி ஆன விதத்தைத்தான் அது விரிவாக ஆராய்கிறது. நான் பார்த்த வரையிலும் அது உண்மை. எனக்குத் தெரிந்து நிலைத்து நிற்கிற கம்பெனிகளை நடத்தியவர்கள் கைமடியில் தொடங்கி, ஓவர்லாக்கில் உட்கார்ந்து, கட்டிங் பழகி, நூல் கணக்கும் துணிக் கணக்கும் எழுதி, பத்துப் பதினைந்து வருடம் ஓரிடத்தில் நின்றவர்கள். ஒரு மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே ஊசி தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் காது ஒரு வருடத்தில் வராது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. விற்கவோ அடகு வைக்கவோ ஒரு துண்டு நிலமும், கடன் கொடுத்துத் தாங்குகிற உறவுமுறையும் இருந்தவர்களுக்கே அது எளிதாகத் திறந்தது. நிலமில்லாத குடும்பங்களில் இருந்து வந்தவர்களும் பெண்களும் முப்பது வருடம் நின்றாலும் தொழிலாளிகளாகவே நின்றார்கள். டேமேஜ் பார்த்தும், பிசிர் வெட்டியும், அடுக்கிக் கட்டியும் கண்ணும் இடுப்பும் போன பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நூறாண்டு என்று நாம் கொண்டாடுவதில் சரிபாதி அவர்கள் நின்ற நிற்பு.

லைன் வீடுகளின் ஊர்

நான் வந்தபோது வேலம்பாளையம் திருப்பூரின் ஓரத்து ஊர். வீதிக்கு அந்தப் பக்கம் சோளக்காடு, இந்தப் பக்கம் கம்பெனி. இந்தப் பக்கம் ஓவர்லாக் மிஷின் ஓடும். காற்று திரும்பினால் பக்கத்து அனுப்பர்பாளையத்தில் பித்தளைக் குடத்தைத் தட்டி உருட்டுகிற சுத்தியல் சத்தம் கேட்கும். பாத்திரப் பட்டறையும் பனியன் கம்பெனியும் இரண்டு தொழில், ஒரே குணம்: கண் பார்த்து, கை பழகி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கற்றுக்கொள்கிற வேலை.

கம்பெனிகள் கூடக்கூட லைன் வீடுகள் கூடின. வரிசையாகப் பத்து வீடு, வீட்டுக்கு ஓர் அறை, பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி. மதுரைப் பக்கம், தேனிப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் என்று எல்லா மாவட்டத்துப் பேச்சும் அந்தத் தொட்டியடியில் கேட்கும். நல்ல தண்ணீர் விடுகிற நாளில் ஷிப்டுக்குப் போகிறவர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக்காரர் பிடித்து வைத்திருப்பார். அவர் யார், என்ன ஊர், என்ன சாதி என்று கேட்டுக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. இரண்டு வருடம் ஒரே லைனில் இருந்துவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியில் தட்டுகிற கதவு அந்தப் பக்கத்து வீட்டுக் கதவுதான். சொந்த ஊரில் இருக்கிற அண்ணன் தம்பிக்கு மறுநாள்தான் தெரியும்.

தனி நகராட்சியாக வளர்ந்த 15 வேலம்பாளையம், 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2009இல், திருப்பூர் தனி மாவட்டமாகியிருந்தது. பலகைகள் மாறின. ஆனால் ஊர் என்பது பலகையில் இல்லை, அந்தத் தொட்டியடியில்தான் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

127 நாள்

நான் சேர்ந்த மறு வருடம், 1984இல், பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 127 நாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற குடும்பங்களுக்கு நான்கு மாதத்துக்கு மேல் வருமானம் இல்லை.

முதல் இரண்டு வாரத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஊருக்கே போய்விடலாமா என்று யோசித்தேன். எங்கள் லைனில் மூத்த டைலர் ஒருவர் என்னை மளிகைக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் நோட்டை எடுத்து என் பெயரில் ஒரு பக்கம் போட்டார். அரிசி, பருப்பு, எண்ணெய், தேதி, தொகை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "எனக்கு எப்புடிங்க கடன் குடுக்கறீங்க? வேலையே இல்லீங்களே" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "நீ எங்கப்பா போயிரப் போற?"

இத்தனை வருடத்தில் யாரும் எனக்குத் தந்த மரியாதைகளில் அதுதான் பெரிது. என் பையில் காசு இல்லை. போய்விட மாட்டேன் என்ற நம்பிக்கைதான் எனக்கு இருந்த ஒரே சொத்து, அதன்பேரில் எனக்கு அரிசி கிடைத்தது. எங்கள் லைன் வீட்டுக்காரரும் வாடகை கேட்கவில்லை. அவருடைய மகனும் பனியன் கம்பெனியில் டைலர்தான்.

போராட்டம் முடிந்து திரும்பியபோது மிஷின் மேல் பஞ்சுத்தூசி படிந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தோம். யாரும் வேலைக்குத் துரோகம் செய்ததாக நினைக்கவில்லை. நின்றவர்கள்தான் கேட்டார்கள், கேட்டவர்கள்தான் நின்றார்கள். நிலைத்து நிற்பது என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்று சிலர் நினைக்கிறார்கள். திருப்பூரின் வரலாறு அப்படி இல்லை. நாளைக்குப் போய்விடப் போகிறவனுக்குப் பஞ்சப்படி எதற்கு? இருக்கப் போகிறவனுக்குத்தான் நியாயம் வேண்டும். தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் உட்கார்ந்து பேசிப் போடுகிற சம்பள ஒப்பந்தம் இன்றுவரை இந்தத் தொழிலில் இருக்கிறது. 2021இல் போட்ட ஒப்பந்தம், நான்கு ஆண்டுகளில் 32 விழுக்காடு கூலி உயர்வு தந்தது. கட்டிங், டைலர், அயர்ன், செக்கிங், கைமடி, டேமேஜ் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே கூலி எழுதிய அந்தத் தாளுக்குப் பின்னால் 1984இன் 127 நாளும் இருக்கிறது.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு தொழிலின் உருவம் மாறியது என்பதும் உண்மை. பெரிய கம்பெனிகள் சிறுசிறு யூனிட்டுகளாகப் பிரிந்தன. கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்கள் பெருகின. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம் என்றாகிவிட்டது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் சங்கம் கட்டுவதும் கடினம், பி.எஃப். கேட்பதும் கடினம். நின்றவர்களுக்கு வந்த சோதனைகளில் இதுவும் ஒன்று.

நான் போய் வந்த ஏழு மாதம்

நானும் ஒருமுறை போனேன். 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததில் தொடங்கிய ஏற்றுமதி, அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஊரையே புரட்டிப் போட்டிருந்தது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்தது. சுவர் முழுக்க 'டைலர் தேவை' என்ற தாள்கள். ஊரின் வேறொரு கோடியில் பீஸுக்குப் பத்துப் பைசா கூடுதல், கையில் அட்வான்ஸ் என்றார்கள். போய்விட்டேன். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். போனது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கே நான் ஒரு மிஷின் நம்பர். எனக்குக் கழுத்து ரிப் ஏற்றுவதில் நல்ல கை. வளைவில் ரிப்பை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது விரல் நுனிக்குத் தெரியும். பழைய கம்பெனியில் சிக்கலான சாம்பிள் வந்தால் என்னிடம்தான் வரும். புதிய இடத்தில் அது யாருக்கும் தெரியாது. ஏழு மாதமும் கை மடிப்புத் தையலிலேயே உட்கார வைத்தார்கள். சீசன் ஓய்ந்ததும் கடைசியாக வந்தவர்களை முதலில் நிறுத்தினார்கள். கடைசியாக வந்தவர்களில் நானும் ஒருவன்.

திரும்பிப் பழைய கம்பெனி வாசலில் நின்றபோது வெட்கமாக இருந்தது. செக்கிங்கில் இருந்த அக்கா ஒருத்தர்தான் முதலில் பார்த்தார். "வந்துட்டியா சாமி? உம்பட மிஷின்ல ஒரு சின்னப் பையன் உக்காந்து கழுத்தெல்லாம் சுருக்கிச் சுருக்கித் தள்றான். போய்ச் சொல்லிக் குடு" என்றார். எனக்குக் கிடைத்த நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

திறமை நம் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் கையில் இருக்கிறது. மீதிப் பாதி, அதைத் தெரிந்துவைத்திருக்கிற பக்கத்து மிஷின்காரர்களிடம் இருக்கிறது. நாம் இடம் மாறும்போது அந்தப் பாதி நம்மோடு வருவதில்லை. மறுபடியும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

ஆறு கறுத்த காலம்

நிற்பதில் பெருமை மட்டும் இல்லை, பொறுப்பும் உண்டு. நாம் உடுத்திய வண்ணமெல்லாம் நொய்யலில் ஓடியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நிலத்தை இழந்து, கிணற்றை இழந்து, நீதிமன்றப் படியேறினார்கள். நம்மைப் போலவே அவர்களும் தங்கள் இடத்தை விட்டுப் போகாமல் நின்றவர்கள்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

அந்த மாதங்களில் வேலம்பாளையம் வீதிகள் சாயங்காலம் ஆறு மணிக்கே அடங்கின. ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனிகளில் அரை ஷிப்ட் வேலைகூட இல்லை. துணி வெளியூர் போய்ச் சாயமேறி வந்தது. பலர் ஊருக்குப் போனார்கள். ஆனாலும் இதே ஊரில்தான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துகிற முறை பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் ஓடின. செலவு கொஞ்சநஞ்சம் இல்லை. வேறு ஊருக்குத் தொழிலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் செத்த ஆற்றை இங்கே விட்டுவிட்டுப் போயிருப்போம். ஆறு முழுக்கத் தேறிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கெடுத்த இடத்திலேயே நின்று சரிசெய்ய முயன்றோம் என்பதை நம் பிள்ளைகளிடம் சொல்லலாம். 2015இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் லட்சக்கணக்கில் மரம் வைத்ததும் இதே மனத்திலிருந்து வந்ததுதான். ஊரை விட்டுப் போக நினைக்கிறவர் மரம் வைக்க மாட்டார்.

அதற்குப் பிறகும் அடிமேல் அடி. 2016 பணமதிப்பிழப்பின்போது ரொக்கச் சம்பளம் நின்றது. 2020 ஊரடங்கில் தொழிலாளர் ரயில்கள் புறப்பட்டன. 2022இல் நூல் விலை ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. 2024-25இல் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்தபோதும், வரி வந்து ஆர்டர் நின்றபோதும், காலை எட்டரைக்கு மிஷினைத் துடைத்து வைத்தவர்கள் அதே ஆட்கள்தான்.

நின்றவருக்கு என்ன தந்தோம்

நீண்ட காலப் பணியை மேடையில் புகழ்ந்தால் போதாது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அதற்கு ஒரு கணக்கே வகுத்தது: நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் கூலி. ஒரு நாளைக்கு 600 ரூபாய் வாங்குகிறவருக்கு வருடத்துக்கு 9,000. இருபது வருடம் நின்றால் 1,80,000 ரூபாய். ஒரு மகளின் கல்லூரிப் படிப்பு அதில் முடியும். வருடா வருடம் கணக்கை முடித்து, பெயரைப் புதிதாக எழுதி, இருபது வருடத்தை இருபது ஒற்றை வருடமாக உடைத்தால், அந்தத் தொகை காற்றில் போய்விடும். தொழிலாளி நிற்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள் தங்கள் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். நிற்பது இரண்டு பக்கத்திலிருந்தும் நடக்க வேண்டிய காரியம்.

நல்லபடி நடத்திய முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். வேலை இல்லாத மாதத்தில் ஆளை நிறுத்தாமல், இருக்கிற வேலையை ஆளுக்கு மூன்று நாள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். மறு சீசனில் அவர்கள் 'ஆட்கள் தேவை' என்று எழுதி ஒட்டவே இல்லை.

இனி நிற்கப் போகிறவர்கள்

இன்று வேலம்பாளையத்து லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கேட்கின்றன. 'வந்தவங்க நாலு மாசம் இருப்பாங்க, போயிருவாங்க' என்று நம்மில் பலர் பேசுகிறோம். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் வந்தவர்களைப் பற்றி நாற்பது வருடம் முன்பு இதே வீதியில் இதையேதான் பேசினார்கள். அன்றைக்கு நோட்டில் ஒரு பக்கம் போட்ட கடைக்காரர் இருந்தார். இன்று அவர்களுக்கு யார் பக்கம் போடுவது? பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம், ஈ.எஸ்.ஐ. அட்டை, விடாமல் ஓடுகிற பி.எஃப். எண், குடியிருக்கக் காற்று வருகிற ஓர் அறை. இவை இருந்தால் அவர்களும் நிற்பார்கள். நின்றால் கேள்வியும் கேட்பார்கள். கேட்கட்டும். அப்படிக் கேட்டவர்களால்தான் நமக்கு இந்த நூறாண்டு கிடைத்தது.

இந்த மலரை வெளியிடும் பெரியோர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விழா மேடையில் 25 ஆண்டு நின்ற தொழிலாளர்களுக்கு, முக்கியமாகக் கைமடியிலும் செக்கிங்கிலும் அடுக்கிக் கட்டுவதிலும் நின்ற பெண்களுக்கு, முதல் வரிசையில் நாற்காலி போடுங்கள். பொன்னாடை வேண்டாம். அவர்கள் பெயரைக் கம்பெனிச் சுவரில் எழுதி வையுங்கள்.

போன மாதம் பழைய கம்பெனிக்குப் போயிருந்தேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த டேபிளில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் நிற்கிறார். வந்து ஒன்பது வருடமாம். மனைவி இங்கேயே செக்கிங்கில் இருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அப்போதுதான் துணியை விரித்து முடித்திருந்தார். சூப்பர்வைசர் அவசரமாக வந்து, இன்றைக்கே வெட்டிவிடலாமா என்று கேட்டார். அந்த இளைஞர் துணியின் ஓரத்தை விரலால் லேசாக இழுத்து விட்டார். பிறகு நம் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்:

"ஆறட்டுமுங்க."